செந்தில்குமாரின் முறை

காபியை நீட்டும்போதுதான் ராஜாத்தி அதைக் கவனித்தாள். தியாகராசனின் முகத்தில் ஒரு தடம். மோவாயில் தொடங்கி இரண்டு கன்னங்களிலும் வளைந்து ஏறி மூக்குத்தண்டில் போய்ச் சேர்கிற, சிவந்து பதிந்த தடம். ராத்திரி மூச்சு மிஷினின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்களுக்குக் காலையில் முகம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அவருடைய மாஸ்க் மூக்கை மட்டும் மூடுவது. மோவாய்ப் பக்கமே வராது. அதோடு நேற்று ராத்திரி அவர் மாஸ்க்கே மாட்டவில்லை. மிஷின் ஆன் ஆகவில்லை.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க. தூங்கினீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி. கனவுகூட இல்லை."

டம்ளரை வாங்கிய விரல்கள் ஜில்லென்று இருந்தன. கார்த்திகைப் பனி என்று நினைத்துக்கொண்டாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, சம்பாவுக்குக் களை எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்க வயலுக்குக் கிளம்பினார். அவள் தலையணை உறையை மாற்றப் போனாள். உறையில் பன்னீர்ப் புகையிலை வாசனை அடித்தது. தியாகராசன் வெற்றிலையைக்கூடத் தொடாதவர்.

அந்த வாசனை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க, உறையை வாளியில் போட்டு சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினாள்.

பூதலூருக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயை ஒட்டிய ஊர் அது. தியாகராசனும் செந்தில்குமாரும் பங்காளிகள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். எதிரெதிர் வீடு. வயல் பக்கத்துப் பக்கத்தில், போர் கிணறு மட்டும் கூட்டு. ஒருநாள் அண்ணனுக்குத் தண்ணீர், மறுநாள் தம்பிக்கு. உரக்கடைக் காலண்டரில் வருஷம் பூராவுக்கும் செந்தில்குமார்தான் தை மாதமே உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதி வைப்பான்: தி, செ, தி, செ. இருபது வருஷத்தில் இந்த முறையில் ஒரு சண்டை வந்ததில்லை. ஊரில் வரப்புக்கு வரப்பு வெட்டுக்குத்து என்று நிற்கிற பங்காளிகள் இவர்களைப் பார்த்துப் பொருமுவார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு. கழுத்து பெருத்து, குறட்டையில் ஓடு அதிரும். போன வருஷம் தஞ்சாவூரில் ஒரே டாக்டரிடம் ஒன்றாகப் போனார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது, மணிக்கு நாற்பது தடவை, மிஷின் வைத்துத்தான் தூங்க வேண்டும் என்றார் டாக்டர். ஆளுக்கு ஒரு மிஷின் எதற்கு என்று இவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு மிஷின், இரண்டு மாஸ்க். அண்ணனுக்கு மூக்கு மாஸ்க். எந்நேரமும் பன்னீர்ப் புகையிலை மெல்லுகிற, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற தம்பிக்கு வாயும் மூக்கும் சேர்ந்து மூடுகிற பெரிய மாஸ்க். போருக்கு எழுதிய அதே காலண்டர், அதே எழுத்து. பகலில் யாருக்குத் தண்ணீரோ ராத்திரி அவருக்கு மூச்சு. தினமும் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ந்தால் பயிருக்குப் போதும்போது உடம்புக்குப் போதாதா?

ஐப்பசியில் நடவுக்கு முதல்நாள். நல்ல மழை. காலண்டரில் 'செ'. தியாகராசன் பகல் முழுக்கச் சேற்றில் நின்று வரப்போரம் அண்டை வெட்டிவிட்டு வந்து எட்டு மணிக்கே சாய்ந்தார். முந்தின ராத்திரி அவருடைய முறைதான், ஆனால் பாதியில் கரண்ட் போய்விட்டது. அவர் மூச்சு நின்று நின்று திணறியதை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவள் ராஜாத்தி. அவளுக்குப் பயம். இன்னொரு ராத்திரி அப்படிப் பார்க்க அவளால் முடியாது. அவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதே மாஸ்க்கை மாட்டி மிஷினைப் போட்டுவிட்டாள். ஒன்பது மணிக்கு செந்தில்குமார் போன் செய்தான்.

"அண்ணி, மிஷினை எடுத்துக்க வரவா?"

"அது ஆன் ஆக மாட்டேங்குது தம்பி."

சொல்லிவிட்டாள். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மிஷினின் இரைச்சல் கேட்டுவிடக் கூடாது என்று சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் போனை வைக்கவில்லை. உதவி செய்கிற குணம்.

"அடாப்டர்ல பச்சை லைட் எரியுதா பாருங்க."

"எரியல தம்பி."

"வேற பிளக்ல போட்டுப் பாருங்க."

"போட்டுட்டேன்."

"தண்ணி டப்பாவக் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க. அப்புறம் வயரப் பிடுங்கிட்டு பத்து எண்ணுங்க. நானும் எண்ணுறேன்."

அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அவனோடு சேர்ந்து பத்துவரை எண்ணினாள். பத்தாவது எண்ணில் சற்று நிறுத்தி, "இல்லை தம்பி, வரல" என்றாள்.

"சரி விடுங்க அண்ணி. ஒரு ராத்திரிதானே."

விடியற்காலை நாலு ஐம்பதுக்கு, பால் கறக்க எழுந்த அமிர்தம், பக்கத்தில் படுத்திருந்த புருஷன் செந்தில்குமாரைத் தொட்டாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்தது. பத்து, பத்தேகால் வாக்கில் மூச்சு நின்றிருக்கும் என்று வந்து பார்த்த டாக்டர் சொன்னார்.

முறை அவனுடையதாயிற்றே, மிஷின் எப்படி நம்மிடம் இருந்தது என்று தியாகராசன் கேட்டபோது ராஜாத்தி இரண்டாவது பொய்யைச் சொன்னாள். "அண்ணன் நடவு வேலையில களைச்சிருக்கும், அதுக்கே போடுங்கன்னு தம்பிதான் சொல்லிச்சு." அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கருமாதியன்று வந்தவர் அத்தனை பேரிடமும் சொன்னார்: எனக்காக முறையை விட்டுக்கொடுத்துட்டுப் போனான்யா என் தம்பி. அமிர்தம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி போனில் பேசிய புருஷனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்.

கருமாதி முடிந்த மறுநாள் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே செந்தில்குமாரின் பெரிய மாஸ்க். "எங்களுக்கு இது எதுக்கு அக்கா? நீங்களே வச்சுக்குங்க." வாசற்படியில் திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "மிஷின் இப்ப ஆன் ஆகுதா அக்கா?"

ராஜாத்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று ராத்திரி ஆன் ஆனது. அடுத்த நாள் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் ஆனது. முதல் வாரம் கரண்ட்டைக் குறை சொன்னார்கள், இரண்டாவது வாரம் பிளக் பாயிண்ட்டை மாற்றினார்கள். மூன்றாவது வாரம் எதேச்சையாகக் காலண்டரைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். மார்கழி முடியும்வரைக்கும் அவன் எழுதி வைத்த எழுத்துகள். மிஷின் செத்துக் கிடந்த ஒவ்வொரு நாளும் 'செ'. ஒன்றுகூடத் தப்பவில்லை.

தியாகராசன் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஒருநாள் விட்டு ஒருநாள்தானே நமக்குப் பழக்கம்" என்று திரும்பிப் படுத்துவிடுவார். ஆரம்பத்தில் அந்த நாட்களில் அவள் விழித்திருந்து பார்த்தாள். ஆனால் பத்து மணி ஆனால் போதும், கண் தானாகச் செருகிவிடும். விழித்தால் பொழுது விடிந்திருக்கும். அவர் மற்ற நாட்களைவிடத் தெளிவாக எழுந்து உட்கார்ந்திருப்பார். ஜில்லென்ற கைகளோடு.

இன்று இந்தத் தடம். இன்று இந்த வாசனை. ஆணியில் தொங்கிய மஞ்சப்பைக்குள் கையை விட்டாள். யாரும் தொடாத மாஸ்க்கின் உட்பக்கம் ஈரமாக இருந்தது.

அன்றே மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறத்தான் நினைத்தாள். களை எடுப்பவர்களுக்குச் சோறாக்க வேண்டியிருந்ததில் ஒருநாள் தள்ளிப்போயிற்று. மறுநாள்தான் போனாள். மருத்துவக் கல்லூரிச் சாலைக் கடையில் பையன் முகம் மாறாத ஃபாஜில் என்கிற மெக்கானிக், மிஷினைப் பிளக்கில் மாட்டினான். உடனே பச்சை விளக்கு எரிந்தது. குழாயிலிருந்து காற்று வந்தது.

"நல்லாத்தானேம்மா ஓடுது?"

"வீட்டுல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சார் ஓடுது."

அவன் பக்கவாட்டிலிருந்து சின்ன கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "இல்லையேம்மா. இருபத்திமூணு ராத்திரி, ஒருநாள்கூட விடாமப் போட்டிருக்கார். இவ்வளவு ஒழுங்கா யாரும் போட மாட்டாங்க."

ராஜாத்தி கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒருநாள் சுமார், மறுநாள் பிரமாதம். பாருங்க, முந்தாநாள் ராத்திரி மூச்சு எத்தனை தடவை நின்னுருக்குன்னா, ஒரே தடவை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலயும் ஒரே தடவை." அவன் எதையோ அழுத்தினான். சிரிப்பு மெதுவாக நின்றது. "இருங்க. ராத்திரி பத்து பத்துக்கு நின்னுருக்கு. நாலு அம்பதுக்குத்தான்... அந்த ஒரு தடவையே ஆறு மணி நாப்பது நிமிஷம்."

"யாரும் மாட்டாம சும்மா ஓடினா இப்படிக் காட்டுமா சார்?"

"சும்மா ஓடினா காத்து வெளிய போறதைக் காட்டும்மா. இதுல துளிகூட ஒழுகல. மாஸ்க்கு ஒரு முகத்துல கச்சிதமாப் பொருந்தியிருக்கு. மூச்சுதான் இல்லை." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான். "கார்டு கெட்டிருக்கும்மா. புதுசு போட்டுத் தரேன். பயப்படாதீங்க."

பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் நின்றது. நாலு ஐம்பது என்ற நேரத்தை அவள் கார்டில் பார்க்க வேண்டியதில்லை. அமிர்தத்தின் கூச்சல் கேட்டு எழுந்து முதலில் கடிகாரத்தைப் பார்த்தவள் அவள். தம்பியின் மூச்சு நின்றதிலிருந்து, அமிர்தம் தொட்டுப் பார்த்தது வரைக்கும் ஆறு மணி நாற்பது நிமிஷம்.

அன்றைக்குக் காலண்டரில் 'செ'.

"இன்னிக்கு ராத்திரி தூங்காம இருங்களேன்" என்று சாப்பாட்டின்போது சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன், சிவராத்திரியா?" இன்னொன்றும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் தம்பிகிட்ட பொய் சொன்னேங்க. மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனால் அவர் பேச்சு செந்தில்குமாரிடம் போய்விட்டது. விட்டுக்கொடுத்தவன், சாமி மாதிரி என்று கண் கலங்கினார். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துகொண்டாள்.

ஒன்பதரைக்கு மிஷினை மாட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. வேறு பிளக்கில் போட்டாள். தண்ணீர் டப்பாவைக் கழற்றி மறுபடி மாட்டினாள். வயரைப் பிடுங்கிவிட்டுப் பத்து எண்ணினாள். அவன் சொன்ன அதே வரிசை என்பது எண்ணி முடித்தபிறகுதான் உறைத்தது. ஏழு, எட்டு என்று எண்ணும்போது கூடவே இன்னொரு குரலும் எண்ணியதா என்று யோசித்தாள். யோசிக்கக் கூடாது என்று யோசித்தாள்.

வயரை மாட்டவில்லை. சுருட்டி மிஷின் பக்கத்தில் வைத்தாள். மஞ்சப்பையை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, மடியில் ஒரு செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்தாள். கண் செருகும்போதெல்லாம் தண்ணீரைத் தொட்டு இமையில் வைத்தாள்.

வெளியே தவளைகள் ஓயாமல் கத்தின, கால்வாய் மதகில் தண்ணீர் விழும் சத்தம் காற்று திரும்பும்போதெல்லாம் நெருங்கி வந்து விலகிப்போனது, எதிர்வீட்டுக் கொட்டகையில் அமிர்தத்தின் மாடு எழுந்து மாற்றிப் படுக்க, ஈர வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. இதற்கெல்லாம் நடுவில் தியாகராசனின் குறட்டை. ஏறி, ஏறி, தொண்டையில் சிக்கி, நின்று, ஒரு திணறலோடு மறுபடி ஏறியது. இத்தனை வருஷமாக அவள் பயந்த அந்தத் திணறல் இன்று அவளுக்கு வேண்டியிருந்தது. நிற்கும்போது எண்ணினாள். எட்டு. பன்னிரண்டு. ஒன்பது.

மணி பத்து ஐந்து. பத்து எட்டு.

குறட்டை ஏறியது. சிக்கியது. நின்றது.

பத்து எண்ணினாள். இருபது. முப்பது.

"என்னங்க."

தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள், பிறகு அறைந்தாள். செம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். பெரிய உடம்பு, புரட்டி ஒருக்களித்துப் போட்டாள், அது தானாகவே மல்லாந்தது. மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. தவளைச் சத்தம்தான் கேட்டது.

நிமிர்ந்தபோது அவர் மோவாயில் ஒரு குழி விழுந்தது.

அவள் கண் முன்னால் விழுந்தது. யாரோ விரலால் அழுத்துவதுபோல் தோல் உள்ளே போயிற்று. அது கன்னத்தில் வளைந்து ஏறியது. மறு கன்னத்தில் ஏறியது. மூக்குத்தண்டில் வந்து சேர்ந்தது. காதுக்கு மேலே முடி படிந்தது, பட்டையை இழுத்து மாட்டுகிற அகலத்துக்கு. பிறகு புகையிலை வாசனை.

மேஜையில் வெளிச்சம் வந்தது. வயர் இல்லாத மிஷினின் சின்னத் திரை. அதில் எண். 0:01.

ஓடினாள். தெருக்கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். கத்த வாயைத் திறந்தாள்.

கத்தவில்லை.

கத்தினால் முதலில் வருவது எதிர்வீடு. உண்மையைச் சொன்னால் முதலில் வந்த நினைப்பு அதுதான். அமிர்தம் உள்ளே வந்து இவரைப் பார்ப்பாள், மிஷினைப் பார்ப்பாள், பிறகு இவளைப் பார்ப்பாள். அதற்கடுத்த நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. ஊர் வரும். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும். ஐஸ் பெட்டி வரும். இருபத்து மூன்று நாளில் பதினோரு ராத்திரி இவர் இப்படித்தான் கிடந்திருக்கிறார். பதினோரு காலையும் எழுந்து காபி கேட்டிருக்கிறார். நாலு ஐம்பதுக்கு இவருக்கு மூச்சு வரும். வரும்போது பெட்டிக்குள் இருந்தால்?

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். காத்திருந்தால் போதும். ஒரு ராத்திரிதானே.

கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 1:15. 2:40. விரல்கள் விறைத்து வந்தன. அந்தக் குழியைப் பார்த்துப் பேசினாள். "தம்பி, தப்பு பண்ணிட்டேன். மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பச்சை லைட் எரிஞ்சுச்சு தம்பி. உங்க அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயத்துல... அவருக்கு ஒண்ணும் தெரியாது. காலையில எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அமிர்தம் காலில விழறேன். விட்டுடுங்க." குழி அசையவில்லை. 4:02.

5:30. தவளைகள் ஓய்ந்தன.

6:20.

6:35. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மழை நாளில் தொட்ட சுவராட்டம் இருந்தது. காத்திருந்தாள். வரும். பதினோரு தடவை வந்தது.

6:39.

எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விழும் சத்தம். வாளி. மாட்டை அதட்டும் அமிர்தத்தின் குரல். நாலு ஐம்பது.

6:40.

இப்போது.

இப்போது.

6:41.

நெஞ்சு எழவில்லை. அவள் இன்னொரு கையையும் வைத்தாள். 6:42. மோவாயில் இருந்த குழி இன்னும் ஆழமாயிற்று. காலண்டரில் இந்த ராத்திரி முடிந்துவிட்டது. இனி 'தி'. இவருடைய நாள். தம்பியின் முறையிலிருந்து தான் எடுத்துக்கொண்டதும் ஒரு முழு ராத்திரிதான், அதை அவன் இப்போது திருப்பி எடுக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தெருவில் செருப்புச் சத்தம் வந்து வாசலில் நின்றது.

"அக்கா." அமிர்தம், குரலை உயர்த்தாமல். "விளக்கு எரியுதே. மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?"

ராஜாத்தியின் வாய் திறந்தது. திறந்தது சொல்லத்தான். நெஞ்சு முழுக்க அந்தக் கூச்சல் நின்றது.

"தூங்குறாங்க அமிர்தம்" என்றது அவள் குரல், சுலபமாக. "நல்லாத் தூங்குறாங்க."

வெளியே யாரும் நகரவில்லை. மேஜையில் எண் மாறியது. 6:44. கட்டிலில், குழிந்த முகத்துக்கு நடுவே, தியாகராசனின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவருடைய வாய்போல. 6:45.